மின் பணியாளரின் கைக்கணக்கு: வாசகர் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலையக நகரங்களிலும் தோட்டங்களிலும் வயரிங் வேலை செய்பவர்கள் எழுதியவை. வேலைத்தளத்தில் நின்றபடியே போடக்கூடிய கணக்குகளைத்தான் ஏறத்தாழ எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே சூத்திரங்களைக் குறியீடுகளில் எழுதாமல் சொற்களிலேயே தந்திருக்கிறேன். கணக்குகள் அனைத்தும் நமது இலங்கை வழங்கலான 230 வோல்ட் ஒற்றை பேஸ், 400 வோல்ட் மூன்று பேஸ், 50 ஹேர்ட்ஸ் என்ற அடிப்படையில் அமைந்தவை.

ஹட்டனிலிருந்து ஓர் இளம் வாசகர்: பயிற்சி நிலையத்தில் பாடத்தை முடித்துவிட்டு இப்போது ஒரு மூத்த மின் பணியாளருடன் வேலைக்குப் போகிறேன். பையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை தயாரிக்க விரும்புகிறேன். அதில் எந்தெந்தச் சூத்திரங்களை எழுத வேண்டும்?

தம்பி, நிறைய எழுத வேண்டாம். ஐந்தாறு வரிகள் போதும். முதலாவது, ஒற்றை பேஸ் சுமை எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும் என்பது:

மின்னோட்டம் = வலு ÷ (230 × வலுக் காரணி)

வலுக் காரணி என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவதில் உண்மையில் வேலை செய்யும் பங்கு. கேத்தல், மின் அயன், ஷவர் ஹீட்டர் போன்ற வெப்பச் சாதனங்களுக்கு அது 1 ஆதலால், 2000 வாட் கேத்தல் 8.7 அம்பியர் எடுக்கும். இரண்டாவது, மூன்று பேஸ் மோட்டாருக்கு உரியது:

மின்னோட்டம் = வலு ÷ (1.73 × 400 × வலுக் காரணி × வினைத்திறன்)

இங்கே புதியவர்கள் வழக்கமாக விட்டுவிடுவது வினைத்திறனைத்தான். மோட்டாரின் பெயர்த்தகட்டில் உள்ள 7.5 கிலோவாட் என்பது தண்டில் கிடைக்கும் வலு. மின்கம்பியிலிருந்து மோட்டார் இழுக்கும் வலு அதைவிட அதிகம். வலுக் காரணி 0.85, வினைத்திறன் 0.87 என்று கொண்டால், 7500 ஐ 512 ஆல் வகுக்க 14.6 அம்பியர் வருகிறது. ஒரு கிலோவாட்டுக்கு இரண்டு அம்பியர் என்று பழைய கைகள் சொல்வது இதனால்தான், மூன்று பேஸ் மோட்டாரைப் பொறுத்தவரை அந்த வாய்க்கணக்கு மோசமில்லை. தகட்டில் குதிரைவலு இருந்தால் 0.746 ஆல் பெருக்கிக் கிலோவாட்டாக்கிக்கொள்ளுங்கள். தகட்டிலேயே அம்பியர் தெளிவாக அச்சிடப்பட்டிருந்தால் கணக்கே வேண்டாம். அந்த எண்தான் உங்கள் எண்.

மூன்றாவது, வெப்பச் சாதனத்தின் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும் என்பது. மின்னழுத்தம் 230 இலிருந்து 200 க்கு இறங்கினால் வலு 13 வீதமல்ல, ஏறத்தாழ 24 வீதம் குறைகிறது. நான்காவது, அழுத்த வீழ்ச்சிக் கணக்கு. அது அடுத்த கேள்வியில் விரிவாக வருகிறது.

ஐந்தாவதைச் சூத்திரம் என்று யாரும் சொல்வதில்லை; ஆனால் என் அபிப்பிராயத்தில் அட்டையின் முதல் வரியாக இருக்க வேண்டியது அதுதான். சுமையின் மின்னோட்டம் பிரேக்கரின் அளவைத் தாண்டக் கூடாது, பிரேக்கரின் அளவு கேபிள் தாங்கும் மின்னோட்டத்தைத் தாண்டக் கூடாது. பிரேக்கர் அடிக்கடி விழுகிறது என்பதற்காக 16 ஐக் கழற்றி 32 ஐப் போடுபவர் இந்த ஒழுங்கின் இரண்டாம் பாதியை உடைக்கிறார். அதன்பின் கேபிளைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

அட்டையின் பின்பக்கத்தில் ஒரே ஒரு நடைமுறையை எழுதுங்கள்: மின்சாரம் இல்லை என்று சோதிக்கும் முன்பும் பின்பும், சோதனைக் கருவி வேலை செய்கிறதா என்பதை உயிருள்ள ஓர் இணைப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். மின்மானியின் முத்திரைக்கு அப்பால் உள்ள பகுதி மின்சார சபையினுடையது. அதில் கைவைக்க உங்களுக்கு எந்தச் சூத்திரமும் தேவைப்படாது.

மஸ்கெலியாப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகர்: லயத்தின் பின்புறம் சற்றுத் தள்ளி ஓர் உறவினர் புதிதாக அறை கட்டி, முன் காம்பராவின் பிரேக்கர் பெட்டியிலிருந்து 2.5 சதுர மில்லிமீற்றர் கேபிள் இழுத்திருக்கிறார். தூரம் சுமார் 70 மீற்றர். அயனும் கேத்தலும் ஒன்றாகப் போட்டால் மின்குமிழ் மங்குகிறது. கேபிள் 20 அம்பியருக்கு மேல் தாங்கும் என்று கடையில் சொன்னார்களாம். பிறகு ஏன் இப்படி?

கடையில் சொன்னது பிழையல்ல, ஆனால் அது வேறொரு கேள்விக்கான பதில். கேபிள் சூடாகி உருகாமல் எவ்வளவு தாங்கும் என்பது ஒன்று, அந்த நீளத்தின் மறுமுனையில் எவ்வளவு மின்னழுத்தம் மிஞ்சும் என்பது இன்னொன்று. தோட்டங்களில் வீடுகள் சரிவில் சிதறிக் கிடப்பதால் நம்மைத் தொல்லைப்படுத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

செம்புக் கேபிளுக்கான கணக்கு இது:

அழுத்த வீழ்ச்சி = 2 × நீளம் × மின்னோட்டம் × 0.0225 ÷ குறுக்குப் பரப்பு

நீளம் மீற்றரிலும் பரப்பு சதுர மில்லிமீற்றரிலும் இருக்க வேண்டும். 2 ஆல் பெருக்குவது, மின்னோட்டம் போய்த் திரும்ப வேண்டியிருப்பதால். 0.0225 என்பது செம்பு வேலை செய்யும் வெப்பநிலையில் அதன் தடைத்திறன்; பாடநூலில் உள்ள 0.0172 குளிர்ந்த செம்புக்கு உரியது, அதை இட்டால் விடை நம்மை ஏமாற்றும். கணக்கை ஒவ்வொரு முறையும் போட விரும்பாதவர்கள், ஓர் அம்பியருக்கு ஒரு மீற்றருக்கு எத்தனை மில்லிவோல்ட் விழும் என்ற அட்டவணையைப் பயன்படுத்தலாம். நாம் வயரிங்குக்குப் பின்பற்றும் பிரித்தானிய நியமமான பி.எஸ். 7671 தரும் எண்கள்: 1 சதுர மில்லிமீற்றருக்கு 44, ஒன்றரைக்கு 29, இரண்டரைக்கு 18, நான்குக்கு 11, ஆறுக்கு 7.3, பத்துக்கு 4.4, பதினாறுக்கு 2.8. போகவரும் இரு கம்பிகளும் இந்த எண்களில் அடக்கமாதலால் மீண்டும் இரண்டால் பெருக்கக் கூடாது.

உங்கள் உறவினரின் அறைக்கு வருவோம். 1000 வாட் அயனும் 2000 வாட் கேத்தலும் சேர்ந்து 13 அம்பியர். 18 × 13 × 70 ஐ 1000 ஆல் வகுத்தால் 16.4 வோல்ட், அதாவது 7 வீதம். அந்த நியமத்தின் பரிந்துரைப்படி வழங்கல் தொடங்கும் இடத்திலிருந்து விளக்குகளுக்கு 3 வீதமும் ஏனையவற்றுக்கு 5 வீதமும், அதாவது 6.9 வோல்ட்டும் 11.5 வோல்ட்டும், விழலாம். ஆகவே இந்தக் கேபிள் இரண்டிலும் தோற்கிறது. 4 சதுர மில்லிமீற்றர் போட்டால் வீழ்ச்சி 10 வோல்ட். ஐந்து வீதத்துக்குள் வந்துவிடும், ஆனால் விளக்கு இன்னமும் கண் சிமிட்டும். 6 போட்டால் 6.6 வோல்ட், அதுவே சரியான தெரிவு. விலை கட்டுப்படியாகாவிட்டால் 4 ஐப் போட்டு, கேத்தலும் அயனும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்வது இரண்டாவது வழி. அந்த வேண்டுகோள் எத்தனை நாள் நிற்கும் என்பது உங்களுக்கே தெரியும்.

கேபிள் வாங்கும் முன் ஓர் அளவீட்டைச் செய்து பாருங்கள். முன் காம்பராவின் பெட்டியில், சுமை இல்லாதபோதும் கேத்தலும் அயனும் ஓடும்போதும் மின்னழுத்தத்தை அளவிடுங்கள். வழங்கலுக்கு அனுமதிக்கப்பட்ட எல்லை 230 க்கு மேலும் கீழும் 6 வீதம், அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வரை. சுமையின்போது பெட்டியிலேயே 210 காட்டினால் உங்கள் 70 மீற்றர் மட்டும் குற்றவாளியல்ல. சேவை வயரில் தளர்ந்த இணைப்பு இருக்கலாம், அல்லது அந்த லைனின் கடைசி முனையில் நீங்கள் இருக்கலாம். அதை மின்சார சபைக்கு அறிவிக்க வேண்டும், கேபிளைத் தடிப்பாக்கிச் சரிசெய்ய முடியாது.

நீளமான கேபிளில் மங்கும் மின்குமிழைவிட ஆபத்தான ஒன்று மறைந்திருக்கிறது. அந்த அறையில் பேஸும் நியூட்ரலும் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் எவ்வளவு மின்னோட்டம் பாயும்? போகவர 140 மீற்றர் செம்பின் தடை மட்டும் 1.26 ஓம், சேவைப் பக்கத்துக்கு அரை ஓம் சேர்த்தால் 1.76. 230 ஐ அதனால் வகுத்தால் 131 அம்பியர். சி வகை 16 அம்பியர் பிரேக்கர் உடனடியாக விழுவது உறுதியாக வேண்டுமானால் அதன் அளவின் பத்து மடங்கு, 160 அம்பியர், பாய வேண்டும். ஆகவே அது உடனே விழாமல், கேபிள் சூடேறச் சூடேறத் தாமதித்து விழலாம். பி வகைக்கு ஐந்து மடங்கான 80 அம்பியர் போதும். வீட்டு வயரிங்குக்கு, அதுவும் தூரத்து அறைக்கு, பி வகையைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எடுத்து நீட்டுவதை அப்படியே வாங்கிக்கொண்டு வர வேண்டாம்.

அலுமினியக் கேபிள் இழுக்கும் எண்ணம் இருந்தால் வீழ்ச்சியை 1.6 ஆல் பெருக்குங்கள். 6 செம்பு செய்யும் வேலையை அலுமினியத்தில் 10 செய்யும். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கி இணைப்பது மட்டும் கூடாது. நமது மழையும் மூடுபனியும் அந்த மூட்டை மெல்ல மெல்ல அரித்துவிடும்.

ஹப்புத்தளையிலிருந்து ஒரு வாசகர்: பழைய பங்களாக்களில் 7/.029 என்ற கேபிளைக் கழற்றுகிறோம். புதியதில் 7/0.67 என்று எழுதியிருக்கிறது. இரண்டும் ஒன்றா?

இரண்டிலும் முதல் எண் இழைகளின் எண்ணிக்கை. இரண்டாவது ஓர் இழையின் விட்டம். பழையதில் விட்டம் அங்குலத்தில், புதியதில் மில்லிமீற்றரில். பரப்பைக் காண:

பரப்பு = இழைகளின் எண்ணிக்கை × விட்டம் × விட்டம் × 0.785

7/0.67 க்கு 2.5 சதுர மில்லிமீற்றரும், 7/0.85 க்கு 4 உம், 7/1.04 க்கு 6 உம், 1/1.13 க்கு 1 உம் வரும். 0.029 அங்குலம் 0.737 மில்லிமீற்றர் ஆதலால் 7/.029 ஏறத்தாழ 3 சதுர மில்லிமீற்றர். அதாவது பழையது சற்றுத் தடிப்பானது. ஒரு சுற்றில் அதை எடுத்துவிட்டு 7/0.67 போடும்போது அந்தச் சுற்றின் பிரேக்கரையும் சுமையையும் மறுபடி பார்க்க வேண்டும்.

பழைய பங்களாவில் கேபிளின் பருமனைவிட இரண்டு விடயங்கள் என்னைக் கூடுதலாக யோசிக்க வைக்கும். இறப்பர்க் காப்புள்ள வயர் தொட்டால் உதிரும் நிலையில் இருக்கலாம். 500 வோல்ட் காப்புச் சோதனைக் கருவியால் அளந்து, 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் முழுவதையும் மாற்றுங்கள். அடுத்தது நிறம். பழைய மூன்று பேஸ் வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை பேஸ்கள், கறுப்பு நியூட்ரல். புதிய ஒழுங்கில் மண்ணிறம், கறுப்பு, சாம்பல் ஆகியவை பேஸ்கள், நீலம் நியூட்ரல். ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருக்கும்போது நீல வயரை நிறம் பார்த்து நம்பினால் உயிர் போகும்.

நுவரெலியாவில் விருந்தினர் விடுதி ஒன்றைப் பராமரிக்கும் வாசகர்: 3.5 கிலோவாட் உடனடி ஷவர் பொருத்தினோம். கொழும்பில் இதே மாதிரி நன்றாகச் சூடாக்குகிறது, இங்கே வெதுவெதுப்பாகத்தான் வருகிறது. சாதனத்தில் கோளாறா?

சாதனம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை உயர்த்துவதற்கு வேண்டிய சக்தி எல்லா ஊரிலும் ஒன்றே. மாறுவது நீர் புறப்படும் வெப்பநிலை.

வேண்டிய கிலோவாட் = நிமிடத்துக்கு லீற்றர் × வெப்பநிலை உயர்வு × 0.07

நிமிடத்துக்கு 3 லீற்றர் ஓடினால் 3.5 கிலோவாட் நீரை ஏறத்தாழ 17 பாகை உயர்த்தும். கொழும்பில் 27 பாகையில் வரும் நீர் 44 ஆகிறது, கை சுடும். உங்கள் தாங்கியில் காலை நேரத்து நீர் 15 பாகை என்றால் 32 இல் நின்றுவிடும். 38 பாகை வேண்டுமானால் உயர்வு 23. அதே ஓட்டத்துக்கு 4.8 கிலோவாட் தேவை. செலவில்லாத தீர்வு குழாயைச் சற்றுத் திருகி ஓட்டத்தை நிமிடத்துக்கு 2.2 லீற்றருக்கு இறக்குவது, ஆனால் காசு கொடுத்துத் தங்குபவர் அதை ஷவர் என்று ஏற்றுக்கொள்ள மாட்டார்.

விடுதியின் பல அறைகளில் காலை ஆறு மணிக்கு ஒரே நேரத்தில் ஹீட்டர்கள் ஓடி, மின்னழுத்தம் 200 க்கு இறங்கினால் 3.5 கிலோவாட் 2.65 ஆகச் சுருங்கும். நீர் 28 பாகையைத் தாண்டாது. ஆகவே முதலில் குளிக்கும் நேரத்தில் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள்.

5.5 கிலோவாட் ஷவருக்கு மாறுவதாயின் மின்னோட்டம் 24 அம்பியர். அதற்குப் பெட்டியிலிருந்து தனிச் சுற்றாக 6 சதுர மில்லிமீற்றர் கேபிளும் 32 அம்பியர் பிரேக்கரும், இரு கம்பிகளையும் துண்டிக்கும் சுவிட்ச்சும் வேண்டும். 13 அம்பியர் பிளக் வழியாகக் கொடுப்பது நினைத்தும் பார்க்கக் கூடாதது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் தாங்கியுள்ள கீசரையே தெரிவு செய்வேன். லீற்றரை வெப்பநிலை உயர்வால் பெருக்கி 860 ஆல் வகுத்தால் தேவைப்படும் மின் அலகுகள் வரும். 50 லீற்றரை 15 இலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 2.6 அலகு, 1.5 கிலோவாட் கீசர் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அதைச் செய்யும், எடுப்பதோ ஏழு அம்பியருக்கும் குறைவு.

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்: பாறை நிலத்தில் எர்த் கோலை முழுதாக இறக்க முடிவதில்லை. கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதே, பிறகு எர்த் எதற்கு என்று வீட்டுக்காரர் கேட்கிறார்.

வீட்டுக்காரரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பல மின் பணியாளர்களிடமும் இந்த நம்பிக்கை இருக்கிறது. சோதனைப் பொத்தான் ட்ரிப் சுவிட்ச்சுக்குள்ளே இருக்கும் ஒரு சிறு தடை வழியாகக் கசிவை உண்டாக்கி அதன் பொறிமுறையைச் சோதிக்கிறதே தவிர, எர்த் கம்பியை அது தொடுவதே இல்லை. எர்த் கம்பி அறுந்து கிடந்தாலும் பொத்தானை அழுத்தினால் சுவிட்ச் விழும். எர்த் நன்றாக இருந்தால், கேத்தலின் உடலில் கசிவு ஏற்பட்ட கணமே சுவிட்ச் விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டால் யாராவது அந்த உடலைத் தொட்டு, கசிவு அவர் வழியாகப் பாயும்போதுதான் விழும்.

நமது வீடுகளில் பாதுகாப்பு எர்த்தை ஒவ்வொரு வீட்டிலும் தனிக் கோல் இறக்கி நாமே அமைக்கிறோம். அந்தக் கோலின் தடையை மண்தான் தீர்மானிக்கிறது. 16 மில்லிமீற்றர் விட்டமும் 1.2 மீற்றர் நீளமும் கொண்ட கோலுக்கு மண்ணின் தடைத்திறனை 0.72 ஆல் பெருக்குங்கள், 2.4 மீற்றர் கோலுக்கு 0.40 ஆல் பெருக்குங்கள். 100 ஓம் மீற்றர் தடைத்திறன் கொண்ட ஈரக் களிமண்ணில் முதலாவது கோல் 72 ஓம் தரும், இரண்டாவது 40. சரளையும் பாறையும் கலந்து 1000 ஓம் மீற்றர் காட்டும் நிலத்தில் அதே 1.2 மீற்றர் கோல் 720 ஓம் ஆகிவிடும்.

இப்போது ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டை எண்ணிப் பாருங்கள். நல்ல களிமண்ணில் 72 ஓம் எர்த் இருந்தும், பேஸ் கம்பி அயனின் உடலில் பட்டால் பாய்வது 230 ÷ 72, அதாவது 3.2 அம்பியர். 16 அம்பியர் பிரேக்கர் அதை ஒரு சாதாரணச் சுமையாக எண்ணிக்கொண்டு சும்மா இருக்கும். அயனின் உடலோ உயிரோடு காத்திருக்கும். எர்த் மட்டும் போதாது, ட்ரிப் சுவிட்ச் மட்டும் போதாது, இரண்டும் சேர்ந்தே ஒரு பாதுகாப்பு என்பதை வீட்டுக்காரருக்கு இந்த எண்களைக் காட்டியே சொல்லலாம்.

எவ்வளவு தடை ஏற்கத்தக்கது என்பதற்கு விதி, எர்த் தடையை ட்ரிப் சுவிட்ச் விழும் கசிவு மின்னோட்டத்தால் பெருக்கினால் 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பதாகும். 30 மில்லிஅம்பியருக்கு 1667 ஓம் வரை விதி இடங்கொடுக்கிறது. ஆயினும் 200 ஓமுக்கு மேற்பட்ட எர்த் நிலையாக இருக்கும் என்று நம்ப முடியாது என்பது நியமத்தின் எச்சரிக்கை. மழைக்காலத்தில் 300 காட்டியது வரட்சியில் எங்கே போய் நிற்கும் என்று யாரும் சொல்ல இயலாது. அளவீட்டை ஜனவரி முதல் மார்ச் வரையான வரண்ட நாட்களில் செய்தால் மோசமான எண் கையில் கிடைக்கும்.

பாறையில் கோல் இறங்காவிட்டால் வெட்டிக் குட்டையாக்கிவிட்டு மண்ணால் மூட வேண்டாம். வீட்டின் கீழ்ப்புறச் சரிவில், கூரைத் தண்ணீர் விழும் பக்கமாக, மண் ஆழமாக உள்ள இடத்தைத் தேடி அங்கே இறக்கி, காப்பிட்ட கம்பியால் பெட்டிக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கோல் போதாவிட்டால் இரண்டாவதை முதலாவதிலிருந்து கோலின் நீளத்தைப் போல இரு மடங்கு தள்ளி இறக்கினால் தடை ஏறத்தாழ பாதிக்கு வரும். பக்கத்திலேயே இறக்கினால் பெரிய பயன் இல்லை. நீர்க்குழாயில் எர்த்தைக் கட்டும் பழக்கம் இரும்புக் குழாய்க் காலத்தோடு முடிந்துவிட்டது, இன்று தரைக்குள் ஓடுவது பி.வி.சி. நியூட்ரலை எர்த்தாகப் பயன்படுத்துவது அதைவிடக் கொடியது: வெளியே நியூட்ரல் அறுந்தால் வீட்டிலுள்ள எல்லா உலோக உடல்களுக்கும் பேஸ் வந்துவிடும்.

பொகவந்தலாவையில் தேயிலைத் தொழிற்சாலையில் பணிபுரியும் வாசகர்: ரோலரை ஓட்டும் 15 கிலோவாட் மோட்டார் ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் இருக்கிறது. தகட்டில் உள்ளபடி ஓவர்லோட் ரிலேயை 28 அம்பியருக்கு வைத்தோம். ரிலே விழாமலே மோட்டார் எரிந்துவிட்டது. மலை உயரம் காரணமாக இருக்குமா?

உயரத்தைக் குற்றம் சொல்லும் முன், மின்னோட்டம் அளவைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்தும் அந்த ரிலே எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் மோட்டாரின் சுருள்களை முதலில் ஸ்டாராக இணைத்து மெதுவாகத் தொடக்கி, பிறகு டெல்டாவுக்கு மாற்றி முழு அழுத்தத்தில் ஓட்டுவது. வழக்கமான ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரில் ரிலே, மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பிரதான கொண்டாக்டருக்கும் மோட்டாரின் சுருளுக்கும் இடையில் இருக்கும். டெல்டாவில் சுருளுக்குள் பாய்வது வெளிக்கம்பியின் மின்னோட்டத்தை 1.73 ஆல் வகுத்த அளவுதான்.

ரிலேயின் அளவு = தகட்டு மின்னோட்டம் × 0.58

ஆகவே 16 அம்பியருக்கு வைத்திருக்க வேண்டும். நீங்கள் 28 இல் வைத்ததால், வெளிக்கம்பியில் 48 அம்பியர் பாயும்வரை ரிலே எதையும் கவனிக்காது. ரிலே மூன்று கம்பிகளும் ஸ்டார்ட்டருக்குள் நுழையும் இடத்திலேயே, எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தால் மட்டுமே 28 சரி.

புதிய மோட்டார் வாங்கும்போது தகட்டில் டெல்டாவுக்கு 400 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். 230 டெல்டா, 400 ஸ்டார் என்று இருக்கும் மோட்டாரை இந்த ஸ்டார்ட்டரில் இணைத்தால் டெல்டாவுக்கு மாறிய உடனே எரியும். ஸ்டாரில் தொடங்கும்போது மின்னோட்டம் மூன்றிலொன்றாவது போலவே முறுக்குவிசையும் மூன்றிலொன்றாகிறது என்பதையும் ரோலர் ஓட்டுபவருக்குச் சொல்லுங்கள். கொழுந்தை நிரப்பி அழுத்தத் தட்டை இறக்கிவிட்டு மோட்டாரைத் தொடங்கினால் அது வேகமெடுக்காமல் திணறும்.

உயரத்தைப் பொறுத்தவரை, மோட்டார்கள் கடல் மட்டத்திலிருந்து 1000 மீற்றர் உயரத்துக்கும் 40 பாகைச் சூழலுக்கும் வடிவமைக்கப்படுகின்றன. அதற்கு மேல் காற்று மெலிந்து குளிர்விப்பு குறைவதால், ஒவ்வொரு 100 மீற்றருக்கும் அனுமதிக்கப்பட்ட வெப்பநிலை உயர்வில் ஒரு வீதத்தைக் கழிக்க வேண்டும். 1868 மீற்றரில் உள்ள நுவரெலியாவில்கூட, 80 பாகை உயர்வுள்ள மோட்டாருக்கு இது 7 பாகைதான். அதாவது சூழல் 33 பாகைக்குள் இருந்தால் முழுச் சுமையும் தாங்கும். நமது குளிர் அந்தக் கணக்கை ஈடுசெய்துவிடுகிறது. விதிவிலக்கு தொழிற்சாலைக்குள்ளேயே இருக்கிறது: உலர்த்தியின் அடுப்பருகே உள்ள மோட்டாருக்கு வெளியே அடிக்கும் குளிரால் பயனில்லை. அங்கே வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள். தேயிலைத் தூசி மோட்டாரின் விலாக்களை அடைத்திருந்தால் அது உயரத்தைவிடப் பெரிய குற்றவாளி.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் சிறு தொழிற்சாலையின் பட்டியலில் கேவிஏ உச்சக் கேள்விக்கு, அதாவது மாதத்தில் நாங்கள் எடுக்கும் மிக உயர்ந்த சுமைக்கு, தனிக் கட்டணம் வருகிறது. சுமை 40 கிலோவாட், வலுக் காரணி 0.75. வலுக் காரணியை உயர்த்த எவ்வளவு கொள்ளளவி (கப்பாசிட்டர்) பொருத்த வேண்டும்?

கேவிஏ என்பது கிலோவாட்டை வலுக் காரணியால் வகுத்த எண். இப்போது நீங்கள் 53 கேவிஏக்குக் கட்டுகிறீர்கள். 0.95 க்கு உயர்த்தினால் 42 ஆகும். அதற்கு வேண்டிய கிலோவார், அதாவது கொள்ளளவியின் அளவு, கிலோவாட்டை இரு காரணிகளுக்குரிய எண்களின் வித்தியாசத்தால் பெருக்கினால் வரும். அந்த எண்கள்: 0.70 க்கு 1.02, 0.75 க்கு 0.88, 0.80 க்கு 0.75, 0.85 க்கு 0.62, 0.90 க்கு 0.48, 0.95 க்கு 0.33. உங்களுக்கு 40 × (0.88 − 0.33) = 22 கிலோவார். ஒரே பெரிய பெட்டியாகப் போட்டு இரவும் பகலும் இணைத்து வைக்காமல், சுமைக்கேற்ப ஏறி இறங்கும் படிகளாகப் பிரித்துப் போடுங்கள். மோட்டார்கள் நின்ற பின்னும் கொள்ளளவிகள் மட்டும் லைனில் கிடந்தால் மின்னழுத்தம் உயரும். நிறுத்திய பின்னும் அவற்றில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதை மறந்து கைவைக்க வேண்டாம்.

வீடுகளுக்கென்று பிளக்கில் செருகும் "மின் சேமிப்பு" பெட்டிகளைப் பற்றியும் இதே வாசகர் கேட்டிருக்கிறார். அவற்றின் உள்ளே இருப்பதும் ஒரு சிறு கொள்ளளவிதான். வீட்டுப் பட்டியல் அலகுகளுக்கே கணிக்கப்படுகிறது, கேவிஏக்கு அல்ல. ஆகவே அந்தப் பெட்டியால் ஒரு ரூபாயும் மிச்சமாகாது.

நோர்வூட்டிலிருந்து ஒரு வாசகர்: எங்கள் தோட்டத்து ஓடையில் சிறு நீர்ச்சக்கரம் வைத்து நாலைந்து வீடுகளுக்கு வெளிச்சம் கொடுக்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். எவ்வளவு வலு கிடைக்கும்?

வாட் = விநாடிக்கு லீற்றர் × விழும் உயரம் மீற்றரில் × 5

உண்மையில் பெருக்க வேண்டியது 9.81, சிறு அமைப்புகளில் குழாய், சக்கரம், பிறப்பாக்கி ஆகியவற்றில் பாதி இழக்கப்படுவதால் 5 என்று கொள்கிறேன். விநாடிக்கு 20 லீற்றர், 15 மீற்றர் உயரம் என்றால் 1500 வாட். எல்.ஈ.டி. விளக்குகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் தாராளம், கேத்தலுக்குப் போதாது. 1918 இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர லக்சபான நீர்வலுவுக்காக வாதிட்டதும் இதே பெருக்கலை வைத்துத்தான். நிலையம் இயங்கியது 1950 இல். கணக்கு அன்றே சரியாக இருந்தது.

ஓட்டத்தை மழை நாளில் அளக்காதீர்கள். ஓடையை ஓரிடத்தில் மறித்து முழு நீரையும் ஒரு குழாய் வழியாக விட்டு, பீப்பாய் நிரம்பும் நேரத்தைக் கொண்டு மார்ச் மாதத்தில் அளவிடுங்கள். விளக்குகளை அணைத்தால் சக்கரம் வேகமெடுத்து மின்னழுத்தம் ஏறிவிடும் என்பதால், மிஞ்சும் வலுவை நீர் சூடாக்கும் சுருளுக்குத் திருப்பும் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம் வேண்டும். மின்சார சபையின் இணைப்பு ஏற்கெனவே உள்ள வீடுகளுக்கு இந்த மின்சாரத்தைக் கொடுப்பதாயின், இரண்டும் ஒருபோதும் சந்திக்காதபடி மாற்றுச் சுவிட்ச் ஒன்றைப் பொருத்துங்கள். அது இல்லாவிட்டால், சபையின் ஊழியர் லைனை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறும் நேரத்தில் உங்கள் ஓடையின் மின்சாரம் அவரது கம்பிக்குப் போய்ச் சேரும்.